கெட்ட ராசாவுக்கு ஊற்றிய தண்ணீர்

என் தொடர்கதையைப் படிக்கிற ஒரு பெண் போன வாரம் கேட்டிருந்தாள். பேரரசன் கடைசியில் நல்லவனா, கெட்டவனா, ஏன் மேடம் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள் என்று. பதில் எழுதப் போனைக் கையில் எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன். ஒரு வருடம் முன்னால் கேட்டிருந்தால் அவளே போதும் என்று கையெடுத்துக் கும்பிடுகிற அளவுக்கு எழுதித் தள்ளியிருப்பேன். இப்போது பேரரசன் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு முகம் கூசுகிறது. அது ஏன் என்று அந்தப் பெண்ணுக்கு இரண்டு வரியில் சொல்ல முடியாது.

நான் தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஊர் கம்பம் பள்ளத்தாக்கில், மலையடிவாரத்தில். பழைய மிஷன் காலத்தில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்களின் ஊர். நடுவில் கோயில், கோயிலைச் சுற்றித் தெருக்கள், தெருக்களைச் சுற்றித் திராட்சைப் பந்தல்கள். பஸ்ஸில் போக வர ஆகிற நேரத்தில் கட்டைவிரலாலேயே விண்வெளிக் கதை எழுதுவேன். போனில் கதை படிக்கிற ஒரு செயலியில் வாரம் ஓர் அத்தியாயம் போடுவேன். எனக்கென்று ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டம் என் தலையில் கொஞ்சம் கனத்தை ஏற்றி வைத்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் கதையில் இரண்டு சக்திகள். சுடர் அணி, நிழல் அணி. இந்த வகைக் கதைகளில் எப்போதும் வெளிச்சம்தான் நல்லது, இருட்டு கெட்டது. வெள்ளை அங்கி வந்தால் நம்பலாம், கறுப்பு அங்கி வந்தால் ஓடவேண்டும். இதைக் கண்டுபிடித்தவர்கள் குளிர்நாட்டுக்காரர்களாக இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும். சித்திரை மாதத்தில் மதுரைக்குப் போகிற பஸ் ஆண்டிபட்டிக் கணவாயில் ரிப்பேராகிப் படுத்துக்கொள்ள, ஒரு மணி நேரம் ரோட்டோரத்தில் நின்று பார்த்தவர்கள் யாரும் வெளிச்சத்துக்கு அவ்வளவு சுலபமாக நற்சான்று கொடுக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் பாதிப்பேர் விடிவதற்குள் ஜீப் பிடித்து மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். ஏலம் மரநிழலில்தான் காய்க்கும். கீழே திராட்சைக்கோ வெயில் வேண்டும். ஒரே வீட்டில் நிழலை நம்பிப் பிழைக்கிறவர்களும் வெயிலை நம்பிப் பிழைக்கிறவர்களும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறோம். இதில் எது நல்ல சக்தி, எது கெட்ட சக்தி?

இந்த யோசனை வந்தபோது பெரிய ஆளாகிவிட்டது போல இருந்தது எனக்கு. என் சுடர் அணித் தலைவி ஒரு கோளைத் திருத்துவதற்காக அதன் நிலாவை உடைப்பாள். என் நிழல் அணிப் பேரரசன் வீடிழந்தவர்களுக்கெல்லாம் கோட்டையைத் திறந்துவிடுவான், ஆனால் உள்ளே வந்தவர்களைத் திரும்பப் போகவிட மாட்டான். அவனிடமும் நியாயம் இருக்கும், அவளிடமும் நியாயம் இருக்கும். யாருமே முழுக் கெட்டவன் இல்லை என்று டீ குடிக்கிற நேரத்தில் மற்ற டீச்சர்களிடம் அளப்பேன். கெட்டவன், நல்லவன் என்று பிரிப்பது சின்னப்பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிற கதை என்பேன். அவர்களும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள்.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கொஞ்சம் திராட்சை, கொஞ்சம் தென்னை வைத்திருக்கிறார். அதிகம் பேச மாட்டார், பேசினதை விட்டுக்கொடுக்கவும் மாட்டார். அவருக்கு ஒரே மகள். அந்த மகள் மேற்குத் தெருப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். பையன் வீட்டாருக்கும் எங்களுக்கும் ஒரு கிணற்றில் மோட்டார் முறை வைப்பதில் வெகுநாள் பகை. அப்பனைக் கேட்காமல், ஆனால் எங்கள் கோயிலிலேயே, எங்கள் சாமியார் முன்னாலேயே கட்டிக்கொண்டாள். அன்றைக்குக் கோயில் வாசலில் ஊரே பார்க்க அண்ணன் சொன்னார், இனிமேல் அந்தத் தெருவில் என் கால் படாது என்று. அதன் பிறகு படவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அப்பனும் மகளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். போன வருடம் ஐப்பசி மழையில் அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். பேரனின் முகத்தை அண்ணன் தூரத்திலிருந்து, துணிச் சுருளுக்கு மேலே தெரிகிற ஒரு தலையாக மட்டுமே பார்த்திருந்தார்.

அவர் மகளின் வாசலுக்குப் போக ஒரே ஒரு வழி இருந்தது. அது எங்கள் ஊரின் ராஜாக்கள் நாடகம்.

கிறிஸ்துமஸ் முடிந்து வருகிற மூன்று ராஜாக்கள் திருநாளன்று கோயில் திடலில் போடுகிற நாடகம் அது. நட்சத்திரத்தைப் பார்த்து மூன்று ராஜாக்கள் வருவார்கள். பச்சைப் பிள்ளைகளைக் கொல்லச் சொல்கிற ராஜாவும் வருவான். அவன் பெயரை எங்கள் ஊரில் சொல்ல மாட்டார்கள். கெட்ட ராசா, அவ்வளவுதான். அந்த வேஷம் எங்கள் வீட்டுக்குச் சொந்தம். எங்கள் அப்பா கட்டினார், அவருக்குப் பிறகு அண்ணன். கெட்ட ராசா சிரித்துக்கொண்டு மேடையில் ஏறியதும் பெண்கள் கூட்டத்திலிருந்து மண்ணை வாரித் தூற்றுவார்கள், வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். நாடகத்தில் முக்கால்வாசிச் சந்தோஷமே அதுதான்.

ஆனால் நாடகம் அத்தோடு முடியாது. மறுநாள் காலையில் கெட்ட ராசா பாதம் வாங்கப் போகவேண்டும். அந்த வருடம் எந்தெந்தப் பிள்ளைகளுக்கு முதல் கிறிஸ்துமஸோ அந்த வீடுகளுக்கெல்லாம் வெறுங்காலோடு போவார். கிரீடமும் வாளும் இருக்காது, முகத்துச் சாயம் மட்டும் அப்படியே இருக்கும். எங்கள் கெட்ட ராசாவுக்குக் கடை மேக்கப் கிடையாது. அடுப்புக்கரியும் செங்காவியும் தண்ணீரில் குழைத்துப் பூசுவதுதான். வாசலில் போய் முட்டி போட்டு, பொறுத்துக்கங்க என்று ஒரு வார்த்தை சொல்வார். தாய்க்காரி பிள்ளையைத் தூக்கி அதன் பாதத்தை அவர் தலையில் வைப்பாள். அவர் பிள்ளைக்கு ஒரு சிவப்பு அரைஞாண் கயிறு கொடுப்பார். அப்புறம் அவள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள், அவர் முகத்தைக் கழுவுவார். ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் சாயம் போகும். கடைசி வீட்டில் பழைய மனுஷன் முகம் வந்துவிடும். அதுவரைக்கும் தன் வீட்டில் ஒரு கை தண்ணீர்கூட முகத்தில் படக்கூடாது.

கெட்ட ராசாவுக்குத் தெருக் கணக்குக் கிடையாது. பகையாளி வீடானாலும் போயாகவேண்டும், போகிறவன் கெட்ட ராசாதானே தவிர இன்னாருடைய தகப்பன் இல்லை. முதல் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் இந்த வழக்கம். அந்த வருடத்தை விட்டால் அந்தப் பிள்ளைக்கு அப்புறம் கிடையாது. இதெல்லாம் எனக்கு விரல்நுனியில் தெரியும். தெரிந்தும் என் மண்டையில் ஏறவில்லை.

கார்த்திகையில் இளைஞர் கூட்டம் என்னைத் தேடி வந்தது. நாடகத்துக்கு வருகிறவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள், வந்தாலும் போனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்கள்தான் விண்வெளிக் கதையெல்லாம் எழுதுகிறீர்களே, நம் நாடகத்தை அப்படி மாற்றிக் கொடுங்கள் டீச்சர் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே வாரத்தில் எழுதி முடித்தேன். மூன்று ராஜாக்கள் மூன்று கோள்களிலிருந்து தெர்மக்கோல் கப்பலில் வருவார்கள். கெட்ட ராசா நிழல் அணிப் பேரரசன் ஆனான். பிறக்கப்போகிற ஒரு குழந்தையால் எண்ணற்ற உலகங்கள் பற்றி எரியும் என்று அவனுக்கு ஒரு செய்தி வருகிறது. ஒரு சில பிள்ளைகளா, உலகங்களா என்று அவன் தவிக்கிறான். படையை அனுப்புகிறான். கடைசியில் தொட்டிலுக்கு முன்னால் வாளைக் கீழே போட்டு அழுகிறான். நான் செய்தது தீமை என்றால் எது நன்மை என்று யாராவது காட்டுங்கள் என்று கேட்கிறான். அந்த வசனத்தை எழுதிவிட்டு நானே இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

சாமியார் படித்துவிட்டு, புதுசாக இருக்கிறது டீச்சர் என்று மட்டும் சொன்னார். அது பாராட்டுதானா என்று நான் யோசிக்கவேயில்லை. பிறகு கோயில் பக்கத்து மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். பையன்கள் விசிலடித்தார்கள். அண்ணன் பின்வரிசையில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்த பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப மறுநா பாதம் வாங்கப் போறது என்னாகும் ஆத்தா?"

"பேரரசன் கெட்டவனே இல்லையேண்ணே. தப்பே பண்ணாதவன் எந்த வீட்டு வாசல்ல போயி முட்டி போடுவான்?"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. ஒரு பையன், கரி பூசிக்கொண்டு தெருத் தெருவாகப் போவதை எவனாவது வீடியோ எடுத்துப் போட்டால் நம் ஊர் மானம் போய்விடும் என்றான். இன்னொருவன், டீச்சர் சொல்வதுதான் சரி, கதைக்குப் பொருந்தாது என்றான். பொருந்தாது என்று நானும் தலையாட்டினேன். அண்ணன் மடியில் கிடந்த துண்டை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் பஸ் ஸ்டாப்பில் அண்ணன் மகளைப் பார்த்தேன். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாள். இந்த வருஷமும் அப்பாதான் கெட்ட ராசாவா அத்தை என்று கேட்டாள். ஆமாம், ஆனால் இந்தத் தடவை பழைய மாதிரி இல்லை என்று ஆரம்பித்து, சுடர் அணி, நிழல் அணி, பேரரசனின் தவிப்பு என்று பஸ் வருகிறவரை அவளைப் பிடித்துவைத்துப் பேசினேன். அவள் பிள்ளையின் காதைத் துணியால் மூடியபடி கேட்டுக்கொண்டு நின்றாள். பாதம் வாங்குவது இல்லை என்பதையும் ஒரு பெருமையாகத்தான் சொன்னேன். அப்படியா என்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒத்திகையில் அண்ணன் தடுமாறினார். அவருக்கு அப்பாவிடமிருந்து வந்த பழைய வசனம் தண்ணீர் பட்ட பாடு. என்னுடையது நாக்கில் ஏறவில்லை. இவன் எந்த இடத்துல சிரிப்பான் ஆத்தா என்று கேட்டார். இவன் சிரிக்கவே மாட்டான் அண்ணே என்றேன். தொட்டில் காட்சி வந்தபோது மட்டும் தடுமாற்றமே இல்லை. தொட்டிலில் கிடந்த பிளாஸ்டிக் பொம்மையைக் குனிந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பையன்கள் கைதட்டினார்கள். என் வசனத்துக்கு அழுகிறார் என்று நினைத்தேன். இதைவிடக் கேவலமாக நான் எதையும் நினைத்ததில்லை.

நாடகம் நன்றாக நடந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும், அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. திடல் நிறைந்துவிட்டது. கோம்பையிலிருந்தும் தேவதானப்பட்டியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். நீல விளக்குப் போட்டு, புகை விட்டு, கப்பல் கயிற்றில் இறங்கியபோது சின்னப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். பேரரசன் வந்தான். பெண்கள் பக்கத்தில் வழக்கம்போலப் பலர் கையில் மண்ணோடு தயாராக இருந்தார்கள். அவன் சிரிக்கவில்லை, தவித்தான். கடைசியில் தொட்டிலுக்கு முன்னால் அழுதான். மண் வைத்திருந்தவர்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. சிலர் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரே கைதட்டல். இந்த வருஷம் ஏசக்கூட விடலையே டீச்சர் என்று ஒருத்தி என்னைக் கிண்டல் செய்தாள். நான் சிரித்தேன். பின்னால் ஓரத்தில் அண்ணன் மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்ததைப் பார்த்தேன், கையைக் காட்டினேன்.

மறுநாள் காலை போனில் பாராட்டு குவிந்து கிடந்தது. யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்து முகம் தெரியாதவர்களெல்லாம் எழுதியிருந்தார்கள். அண்ணனிடம் காட்டலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். வெயில் ஏறிவிட்டது. மதினி அடுப்படியில் பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாகவே வைத்துக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்டதற்குக் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள்.

அண்ணன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் முந்தின நாள் கரியும் காவியும் அப்படியே இருந்தன. அழுத இடத்தில் இரண்டு கோடு. வெறுங்கால். வெள்ளை வேட்டி கட்டி, துண்டை இடுப்பில் சுற்றியிருந்தார். அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். எங்கள் அப்பா பாதம் வாங்கப் போகும்போதும் துண்டை அப்படித்தான் சுற்றுவார்.

"என்னண்ணே, இன்னும் வேசம் கலைக்கலையா?"

"கலைக்கணும்" என்றார்.

வாங்க நான் ஊத்துறேன் என்று தொட்டியில் கிடந்த செம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டு வந்தேன். அவர் என் கையிலிருந்த செம்பைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. வீட்டுக்குள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. பிறகு இரண்டு கையையும் குவித்து நீட்டினார். நான் ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே, யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னேன். பேரரசன் அழுத இடத்தில் ஒருத்தருக்குச் சோறு இறங்கவில்லையாம் அண்ணே என்றேன். கரி கறுப்பாக வழிந்து தொட்டியடியில் ஓடியது. துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துண்டில் ஒட்டிய கறையைப் பார்த்தார். சரி என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு பந்தல் பக்கமாக நடந்துவிட்டார். போனில் வைத்திருந்த வீடியோவை அவர் பார்க்கவேயில்லை.

மதினி அடுப்படி வாசலில் நின்றாள். கையில் ஒரு மஞ்சள் பை. என்னைப் பார்க்காமல் பையைத் தலைகீழாகத் திண்டில் கொட்டினாள். சிவப்பு அரைஞாண் கயிறுகள் நாலைந்து விழுந்தன. அவற்றோடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவும் விழுந்து திறந்துகொண்டது. உள்ளே வெள்ளி அரைஞாண் கொடி.

"புள்ள பொறந்த அன்னைக்கே தேனிக்குப் போயி வாங்கியாந்தாக" என்றாள் மதினி. "இந்த ஒரு நாளத்தான் பாத்துக்கிட்டு இருந்தாக. மத்த வீடெல்லாம் முடிச்சிட்டுக் கடைசியா அங்கன போகணும்னாக."

 ஏன் மதினி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவர்தான் சொல்லக்கூடாது என்றாராம். போகிறவன் வழக்கத்துக்காகப் போகிற மாதிரிதான் இருக்கவேண்டும், கேட்டு வாங்கிக்கொண்டு போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்றாராம். காலையில் எழுந்து முகம் கழுவாமல் உட்கார்ந்திருந்தாராம். யாராவது ஒருத்தர், சாமியாரோ, பழைய ஆட்களோ, வந்து என்னப்பா கிளம்பவில்லையா என்று கேட்பார்கள் என்று பார்த்தாராம். வந்தவள் நான்.

பந்தலுக்கு ஓடினேன். அண்ணன் ஒரு கொடியை எடுத்துக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். கட்டின கொடியையே மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். இப்பவே போவோம் அண்ணே, நானும் வருகிறேன், கரி வேண்டுமானால் நானே குழைத்துப் பூசிவிடுகிறேன் என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை.

"மூஞ்சி கழுவியாச்சுல்ல ஆத்தா" என்றார். "இனி போனா நான் நானாவுல்ல போகணும்."

அது அவரால் முடியாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊர் முன்னால் சொன்ன சொல் அவர் கழுத்தில் கிடக்கிறது. கெட்ட ராசாவுக்கு அந்தச் சொல் கிடையாது.

திண்டில் கிடந்த டப்பாவை எடுத்துக்கொண்டு மேற்குத் தெருவுக்கு நடந்தபோது என் கதைகளைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். எத்தனை அத்தியாயம், எத்தனை தவிப்பு, எத்தனை நியாயம். கோளையே எரித்தவன் ஒருவனாவது மறுநாள் காலையில் யார் வீட்டு வாசலிலாவது போய் நின்றதாக நான் எழுதியதில்லை. விண்வெளியில் மறுநாள் காலையே கிடையாது. அடுத்த அத்தியாயம்தான் உண்டு. கெட்டவன் நான்தான் என்று ஒத்துக்கொண்டவனுக்குப் போக ஒரு வாசல் இருந்தது எங்கள் ஊரில். நான் அண்ணனைப் பாதி நல்லவனாக்கி நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன். மனிதர்கள் முழுக் கெட்டவர்கள் இல்லை என்று எனக்குப் பாடம் எடுக்கத் தெரிந்தது. மகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேரனுக்கு வெள்ளிக்கொடி வாங்கி ஒளித்துவைக்கிற ஒரு மனிதர் என் கூடப்பிறந்தவராக இருந்தும் எனக்குக் கண்ணில் படவில்லை. இப்போதும் பேரரசனுக்கு நியாயம் உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்கிற வாய் என்னுடையதாக இருப்பது பிடிக்கவில்லை.

அண்ணன் மகள் வீட்டு வாசல் கழுவி விட்டிருந்தது. படியோரத்தில் ஒரு பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர், தூசி விழாமல் மேலே ஒரு தட்டு. அவள் வீட்டுக்காரன் அன்றைக்கு மலைக்கு வேலைக்குப் போகவில்லை, உள்ளே நாற்காலியில் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவள் பிள்ளையைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை மாட்டி, மடியில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். பாதம் வாங்குவது இல்லை என்று நானே வாய் நிறையச் சொல்லியிருந்தேன். ஆனாலும் உட்கார்ந்திருந்தாள்.

டப்பாவை நீட்டினேன். திறந்து பார்த்தாள். விரலால் ஒரு தடவை தொட்டாள். மூடி என் கையிலேயே வைத்தாள். அப்பா குடுத்தா வாங்கிக்கிறேன் என்றாள். பிறகு எனக்குப் பின்னால் தெரு முனையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா மூஞ்சி கழுவிட்டாகளா அத்த?"

"கழுவிட்டாக."

"யாரு தண்ணி ஊத்துனா?"

பிள்ளை என் சேலை முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பாதம் இரண்டும் காற்றில் உதைத்துக்கொண்டிருந்தன.

"நாந்தான்" என்றேன்.

அவள் கோபப்பட்டிருக்கலாம். அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். செம்பின் மேலிருந்த தட்டை எடுத்தாள். தண்ணீரைப் படிக்குப் பக்கத்திலிருந்த கறிவேப்பிலைச் செடியின் அடியில் ஊற்றினாள். உள்ளே வாங்க அத்த, காப்பி குடிச்சிட்டுப் போவீக என்றாள். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.